பின் படிக்கட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் “சரி பெரியப்பா, சரி பெரியப்பா” என்பாய்; வைத்ததும் மறந்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் பையில் கிடக்கும்.

மார்கழி பிறந்ததும் காலேஜ் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக்கு ஒருநாள் நடை போகப் போகிறாய். அதோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடையையும் இனிமேல் நீயே நடத்துகிறேன் என்கிறாய். கேட்டதும் எனக்கு சந்தோஷம்தான். உன் அப்பன்தான் குதிக்கிறான். “பொட்டப்புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இவ மலையேறப் போறாளாமா” என்று நேற்று ராத்திரி வீட்டுக்கே வந்துவிட்டான். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன்னிடம் பேச வேண்டியது வேறு.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, பேனர் கிடையாது, சந்தா கிடையாது. ரிட்டயர் ஆன கண்டக்டர் நான், ஒரு வாத்தியார், ஒரு டெய்லர், தபால் ஆபீஸில் இருந்தவர் ஒருவர் என்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்தது. சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். ஏரிக்கரையில் நடந்து நடந்து அலுத்துப்போனதால் தூரம் போக ஆரம்பித்தோம். அவ்வளவுதான் எங்கள் வரலாறு. மதுரையில் பசுமை நடை என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். 2010-ல் யானைமலைக்கு ஆபத்து வந்தபோது எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் நண்பர்களோடு தொடங்கினார். மாதம் ஒரு ஞாயிறு ஒரு குன்றுக்குப் போகிறார்கள். வரலாறு தெரிந்தவர் ஒருவர் அங்கேயே பாறை மேல் நின்று சொல்கிறார். குழந்தைகளும் பெண்களும் கூட்டமாக வருகிறார்கள். அந்த மாதிரி ஒன்றை நம் பக்கத்தில் உன் வயசுப் பிள்ளைகள் செய்தால் நான் ஏன் வேண்டாம் என்கிறேன்?

முதலில் நாள் பார். நல்ல நாள் கெட்ட நாள் அல்ல, பஸ் நாள். பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறு வேண்டாம்; கிரிவலக் கூட்டம் திருவண்ணாமலை பக்கமிருந்து வரும் எந்த வண்டியிலும் கால் வைக்க விடாது. அமாவாசையை ஒட்டியும் வேண்டாம். மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்கு ஜனம் செஞ்சியில்தான் வந்து விழும். இருபத்தெட்டு வருஷம் இந்த ரூட்டில் டிக்கெட் கிழித்தவன் சொல்கிறேன், அந்த இரண்டு நாளிலும் டிரைவருக்கே இடமிருக்காது. இன்னொன்று. பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸில்தான். திண்டிவனம், சென்னை போகிற வண்டியில் ஏறிவிட்டு கண்டக்டரோடு வாதாடாதே. அவன் இன்வாய்ஸ் எழுதுவானா, உன்னோடு மல்லுக்கட்டுவானா?

நம் ஊர்க் குளிர்காலம் ஸ்வெட்டர் போடும் காலம் இல்லை பாப்பா. பாறையில் கால் வைக்க முடிகிற காலம், அவ்வளவுதான். ராத்திரிப் பனியில் ஜில்லென்று கிடக்கும் கல் காலை பத்தரைக்குத் தோசைக்கல்லாகிவிடும். சித்திரையில் அதுவே ஏழரைக்கு ஆகிவிடும். மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடியும்வரைதான் நமக்கு நேரம். அதில் பௌர்ணமி, அமாவாசை, பொங்கல், யார் வீட்டிலாவது கல்யாணம் எல்லாம் கழித்தால் ஆறு ஞாயிறு தேறினால் பெரிசு. விடியும்போது நடக்க ஆரம்பிக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். உன் அம்மா வாசலில் கோலம் போட்டுப் பூசணிப்பூ வைப்பதற்கு முன்னால் நீ பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும்.

மழை ஓய்ந்ததும் ஓடாதே. ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய 2024 டிசம்பர் 1-ஆம் தேதி நினைவிருக்கிறதா? அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாமலையார் மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் புதைந்து போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்துக்கு மலையேற பக்தர்கள் யாரையும் விடவில்லை. ஆயிரமாயிரம் வருஷமாக அசையாது என்று நாம் கும்பிடுகிற மலையிலேயே அப்படி. பெருமழை பெய்தால் இரண்டு வாரம் எந்தச் சரிவுக்கும் போகாதே. அந்த மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க யாரும் தடுக்கமாட்டார்கள். உச்சிக்கு ஏறுவது மட்டும் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. யூடியூபில் எவனோ ஏறினான் என்று எனக்குக் காட்டாதே.

மறுகோடியிலும் ஒரு எல்லை உண்டு. மாசி பிறந்தால் புல் காய்ந்து சருகாகிவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பாதிப் பேர் உன்னைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே நாற்பது பாதைகளைத் திறந்து ஆன்லைனில் பதிவு செய்ய வைத்திருக்கிறது. தீக்காலம் வந்தால் அவர்களே மூடிவிடுகிறார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம். தை கடைசி ஞாயிறோடு மூட்டையைக் கட்டு.

இப்போது செஞ்சிக்கு வருகிறேன். எல்லாரும் நேரே ராஜகிரிக் கோட்டைக்குத்தான் போவார்கள். நீ அப்படிப் போகாதே. கோட்டைக்கு டிக்கெட் கவுண்ட்டர் உண்டு, கதவு திறக்கிற நேரம் உண்டு. விடியற்காலையில் போய் கேட்டுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருப்பீர்கள். முதலில் சிறுகடம்பூர் பக்கம் திருநாதர்குன்றுக்குப் போ. ஊரை ஒட்டிய சின்னக் குன்று. ஏறுவதற்கு இருபது நிமிஷம்கூட ஆகாது. ஒரு பெரிய பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராகச் செதுக்கியிருக்கிறார்கள். சூரியன் எழுந்து சாய்வாக வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு முகமும் தனியாகப் பிரிந்து வரும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் தட்டையாகிப் போகும்.

அங்கே நாங்கள் முதல் தடவை போனபோது முன்னால் போனவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டு மறுபக்கம் இறங்கிவிட்டார்கள். டெய்லருக்கு மூட்டுவலி. கடைசியாக ஊன்றி ஊன்றி வந்தவர் மூச்சு வாங்க ஒரு பாறையில் கைவைத்து நின்றார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இங்க தையல் மாதிரி என்னமோ ஓடுது” என்றார். எழுத்து. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்ட இடம் அது என்று வெட்டியிருக்கிறது. சுமார் ஆறாம் நூற்றாண்டு என்கிறார்கள். தமிழில் ‘ஐ’ என்ற எழுத்து முதலில் கிடைப்பது இந்தக் கல்லில்தான் என்று அறிஞர்கள் சொல்வதை வாத்தியார் பிறகு படித்து வந்து சொன்னார். ஐம்பத்தேழின் ஐ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற எழுத்து, பட்டினி கிடந்த நாள் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாய்ந்து போன நாங்கள் ஒருத்தரும் பார்க்கவில்லை. மூட்டுவலிக்காரர் பார்த்தார்.

அந்த இடத்தில் செருப்பைக் கழற்று. சிற்பத்தின் மேல் சாயாதே, எழுத்தின் மேல் சாக்பீஸ் பூசிப் படிக்கிற புத்திசாலித்தனமெல்லாம் வேண்டாம். செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. ‘அகிம்சை நடை’ என்ற பெயரில் இந்த மாதிரிக் குன்றுகளுக்கு அவர்களே கூட்டமாக வருகிறார்கள். உனக்கு அது சுற்றுலா இடம். அவர்களுக்குக் கோயில். சாப்பாட்டுப் பொட்டலத்தை அங்கே பிரிக்காதே, அதுவும் முட்டை வைத்திருந்தால் நிச்சயமாகப் பிரிக்காதே.

குன்றை விட்டு இறங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக்குப் போங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வறுத்த மல்லாட்டையும் போதும். பாலித்தீன் கவர் எடுத்துப் போகாதே. அந்தக் கவர் சத்தம் கேட்டால் செஞ்சிக் குரங்கு கல்யாண மகாலிலிருந்து இறங்கி வரும். மஞ்சப்பையில் கட்டி முதுகுப்பைக்குள் வை.

கோட்டையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சத்ரபதி சிவாஜி 1677-ல் பிடித்ததும், அவர் மகன் ராஜாராம் 1690-லிருந்து எட்டு வருஷம் முகலாயப் படைக்குப் பிடி கொடுக்காமல் உள்ளே இருந்ததும், 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டையாக நம் செஞ்சி சேர்ந்ததும் உன் போனிலேயே இருக்கும். தேசிங்கு ராஜா 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும்படைக்கு எதிரே சின்னப் படையோடு போய்ச் செத்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயசு என்பார்கள். ஏறக்குறைய உன் வயசுதான். வீரம்தான், கூத்தில் கேட்டால் எனக்கும் கண் கலங்கும். ஆனால் கூட வந்தவர்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்பினானா என்று கேட்கத் தோன்றுகிறது. கண்டக்டர் புத்தி.

ராஜகிரி 800 அடி உயரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பிளவு வரும். ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் நாலு பேர் நின்று ஒரு படையைத் தடுக்கலாம். இப்போது நிற்கிறவர்கள் பயந்தவர்கள். எத்தனை பேரோடு போனாலும் ஒருத்தருக்கு அங்கே கால் வராது. அவளைக் கேலி செய்யாதே, கேலி செய்யவும் விடாதே. இந்தப் பக்கமே உட்காரச் சொல்லி, துணைக்கு ஒருத்தியை விட்டுவிட்டுப் போ. தனியாக மட்டும் விடாதே.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

ஏழெட்டு வருஷம் முன்னால் ஒரு தை மாதம். நாங்கள் பதினான்கு பேர் ராஜகிரி ஏறினோம். நான்தான் தலைவர் மாதிரி முன்னால். அப்போது எனக்கு நன்றாகவே நடக்க வரும். பதினான்கு பேரில் முதலில் உச்சிக்குப் போனவன் நான்தான் என்பதில் ஒரு கர்வம். மேலே எண்ணினேன், பதிமூன்று. எங்கோ எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று நினைத்தேன். ‘நான் என்னை எண்ண மறந்திருப்பேன்’ என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காற்று நன்றாக வீசியது, பேச்சு சுவாரசியம், இறங்கிவிட்டோம். கீழே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாத்தியார் இல்லை என்பது தெரிந்தது.

பாதி வழியில் தொடையில் குரக்குவலி இழுத்து, நிழலுக்காகப் படியை விட்டு ஒதுங்கி ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. கூப்பிட்டிருக்கிறார். எங்கள் பேச்சில் எங்களுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் என் பையில். ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மாதான் பார்த்துத் தண்ணீர் கொடுத்து, எங்களுக்கும் வழி காட்டினாள். நான் மூச்சிரைக்கத் திரும்பிப் போய் அவர் முன்னால் நின்றபோது மத்தியானம் ஒரு மணி. திட்டவில்லை. “என்னப்பா, ஆள் ஏறறதுக்கு முன்னாடியே விசில் அடிச்சுட்டியே” என்றார்.

இருபத்தெட்டு வருஷ சர்வீசில் அந்த வார்த்தையை எந்தப் பயணியும் என்னிடம் சொன்னதில்லை பாப்பா. ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். இரண்டாவது விசிலுக்கு முன்னால் பின் படிக்கட்டைப் பார்க்காத கண்டக்டர் கண்டக்டரே இல்லை. முன்னால் வழி பார்க்க டிரைவர் இருக்கிறார். பஸ்ஸில் அதைத் தவறாமல் செய்தவன், மலையில் டிரைவர் சீட்டுக்கு ஆசைப்பட்டுவிட்டேன். அன்றையிலிருந்து நான் கடைசியில்தான் நடக்கிறேன். முன்னால் வழி தெரிந்த வேறொருவரை விடுவேன்.

உன் அண்ணன் நியூசிலாந்தில், வெலிங்டனில் ஒரு நடைக் கிளப்பில் சேர்ந்திருக்கிறான் இல்லையா. அங்கே இதற்கு டிராம்பிங் என்று பெயராம். 1919-லேயே அந்த ஊரில் தரருவா டிராம்பிங் கிளப் என்று ஒன்று தொடங்கிவிட்டார்கள், நியூசிலாந்திலேயே முதல் கிளப் அதுதான். நமக்கு ஆனி ஆடி என்றால் அவர்களுக்குக் குளிர்காலம். உறைகிற குளிரில் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நடை போகிறார்கள். என் கதையை அவனிடம் சொன்னபோது சிரித்தான். அங்கேயும் கடைசியில் வருவதற்கென்றே ஒருவரை நிறுத்துவார்களாம். அந்த ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் இருக்கிற ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்களாம். கடைசி ஆள் வேலைக்கு அங்கே புதியவர்களைப் போடமாட்டார்கள், அனுபவசாலிக்குத்தான் அது என்றான். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உனக்கு வேகம் இருக்கிறது. ஒருநாளைக்குப் பன்னிரண்டாயிரம் ஸ்டெப் என்று ஸ்டேட்டஸ் வைக்கிறாய். அதனால்தான் சொல்கிறேன், நீ பின்னால் நட. கால் கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள். பின்னாலிருந்து பார்த்தால்தான் யார் செருப்பு வார் அறுந்திருக்கிறது, யார் பேச்சை நிறுத்திவிட்டாள், யார் தண்ணீர் குடிக்காமலே வருகிறாள் என்பது தெரியும்.

அந்தத் தண்ணீர் விஷயம் உன் பெரியம்மா எழுதச் சொன்னது. எனக்குக் கொஞ்சம் கூச்சம், ஆனால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். பெண் பிள்ளைகள் வெளியே கிளம்பினால் ஒதுங்க இடமிருக்காது என்று முதல்நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லையாம். அப்புறம் பத்து மணி வெயிலில் தலைவலி, மயக்கம், எங்களைப் போன்ற ஆண்கள் “சாப்பிடாம வந்திருப்பா” என்று விளக்கம் சொல்வோம். குன்றின் மேல் எதுவும் கிடையாது. ஏறுவதற்கு முன்னால் ஊருக்குள் ஒரு வீட்டு வாசலில் நின்று, “அம்மா, நாங்க கீழ்பென்னாத்தூர் காலேஜ் பிள்ளைங்க, கொஞ்சம் பாத்ரூம் போகணும்” என்று கேள். பெரியம்மா கணக்குப்படி பத்து வீட்டில் ஒன்பது வீடு சரி என்று சொல்லும், அதில் நாலு வீடு காபி கொடுக்கும். அப்படி அறிமுகமான வீடு ஒன்று இருந்தால் நாளைக்கு ஏதாவது என்றாலும் ஓடி வர ஒரு ஆள் இருக்கும். ஆடு மேய்க்கிறவர்களிடம் வழி கேட்காமல் கூகுளிடம் மட்டும் கேட்டுக்கொண்டு போகாதே.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். விடியற்காலையில் பாறையில் கறுப்பாகப் பட்டை ஓடியிருக்கிற இடத்தில் கால் வைக்காதே. பனி விழுந்தால் அந்தப் பாசி வழுக்கும். புதர் ஓரம் போனால் குச்சியைத் தட்டிக்கொண்டு போ. செஞ்சி முடிந்தால் அடுத்த ஞாயிறு சிங்கவரம் ரங்கநாதர், அதற்கடுத்து சீயமங்கலத்து மகேந்திரவர்மன் குடைவரை என்று நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீ போகிற செய்தியை டீக்கடையில் சொன்னேன். வாத்தியார் தானும் வருகிறேன் என்கிறார். எழுபத்து நாலு வயசு. திருநாதர்குன்று மட்டும் ஏறுவாராம், கோட்டைக்குக் கீழே உட்கார்ந்திருப்பாராம். உன் சிநேகிதர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே பாப்பா. அவர் தண்ணீர் பாட்டில் இந்தத் தடவை அவர் பையிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கே பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார்.

அன்புடன்,
பெரியப்பா